இருபத்தொரு நாள் மெட்டு

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மருத்துவமனையின் பின்வாசலில் காவலாளியிடம் "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அதே காவலாளியிடம் "வந்துட்டேன்" என்று சொல்லும்வரை பாட்டு டீச்சருக்கு வாயைத் திறக்க வேலை இருக்காது. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்து போய் ஏழு மாதம் ஆகிறது. தொலைபேசியில் வருபவை எல்லாம் தவறான எண்கள். அவர்களிலும் ஒன்றிரண்டு பேரிடம் தேவைக்கு மேல் பேசிவிட்டுப் பிறகு வெட்கப்பட்டிருக்கிறாள். பாடுகிறவள் வீடாயிற்றே, ஒரு முணுமுணுப்பாவது இருக்காதா என்று கேட்கலாம். வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கணக்கில் அந்த வீட்டில் பாட்டு கிடையாது. அதனால் திங்கட்கிழமையின் முதல் வார்த்தை எப்போதும் துருப்பிடித்துத்தான் வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் முறை சொல்வாள். காவலாளிக்கு அது பழகிவிட்டது.

டீச்சர் என்று பேரே தவிர அவள் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற குழந்தைகளுக்கு இசையால் இதம் தருவதுதான் அவள் உத்தியோகம். அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மானிட்டர். மேல் எண் இதயத் துடிப்பு, கீழ் எண் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன். கீழ் எண் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும், ஒரு சிஸ்டர் ஓடி வருவார்.

டீச்சருடைய சாமான்கள் இரண்டுதான். ஒன்று அவள் குரல். இன்னொன்று டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மரப்பெட்டி. அதை விரல் நுனியால் தட்டினால், வயிற்றுக்குள் இருந்தபோது கேட்ட அம்மாவின் நெஞ்சுத் துடிப்பு மாதிரி அமுங்கிக் கேட்கும். குழந்தை மூச்சு வாங்குகிற வேகத்தை முதலில் பார்ப்பாள். அதே வேகத்தில் தட்ட ஆரம்பிப்பாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைப்பாள். குழந்தையின் மூச்சும் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே படியிறங்கி வரும். சுவரில் காது வடிவத்தில் ஒரு விளக்கு உண்டு. சத்தம் அளவோடு இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மீறினால் சிவப்பு. பெரிய சிஸ்டருக்கு அந்த விளக்குகூடத் தேவையில்லை. அவருடைய புருவமே மூன்று நிறத்துக்கும் போதும்.

இந்த வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. பாட வேண்டியது அம்மாவோ அப்பாவோதான். டீச்சர் பக்கத்தில் இருந்து பழக்கிவிடுவாள், அவ்வளவே. பெற்றவர்கள் வரமுடியாத குழந்தைக்கு மூன்று ஸ்வரத்துக்குள் முணுமுணுக்கலாம். ஆனால் ஒரே மெட்டை இரண்டு நாள் தொடரக்கூடாது. குழந்தை நம் குரலுக்குப் பழகிவிட்டால் அது திருட்டு. இந்தக் கடைசி வாக்கியத்தை அவளே தன் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். ஒன்பது வருடத்தில் அதை ஒரு தடவையும் மீறியதில்லை.

நாலாம் பெட்டிக்கு வந்தவள் இருபத்தெட்டாம் வாரத்தில் பிறந்தவள். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. வந்த மறுநாளே மூக்கில் இருந்த குழாயைப் பிடுங்கி எறிந்ததால் சிஸ்டர்கள் அவளுக்குக் கடுகு என்று பேர் வைத்தார்கள். சிறுத்தாலும் காரம் குறையவில்லையாம். அவளுடைய அம்மா பஸ் கண்டக்டர். ஏழாம் மாதத்தில் டூட்டியில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். டிரைவர் பஸ்ஸை அப்படியே மருத்துவமனைக்குத் திருப்பினார். முப்பத்திரண்டு பயணிகளில் ஒருவர்கூட வழியில் தன் ஸ்டாப்பைக் கேட்கவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். குழந்தையை எடுத்த பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல், கிருமி, மறுபடி காய்ச்சல். எதிர்க் கட்டடத்தில் பெரியவர்களுக்கான ஐசியூவில் கிடந்தாள். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். சேதி அவருக்குப் போய்ச் சேரவே ஐந்து நாள் ஆயிற்று. கரைக்கு வர இரண்டு மாதம் ஆகும். ஆக, கடுகுக்கு ஆளில்லை.

ஐந்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு டீச்சர் அவளிடம் போனாள். சட்டப்படி மூன்று ஸ்வரம் என்றுதான் ஆரம்பித்தாள். வாயில் வந்ததோ ஆறு ஸ்வரம். வீட்டு மாடிப்படி இறங்கும்போது கால்கள் போடும் தாளத்தில் எப்போதோ ஒட்டிக்கொண்ட ஒரு மெட்டு. வார்த்தை கிடையாது, யாரிடமும் பாடிக் காட்டியதும் கிடையாது. கீழ் எண் எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு ஏறியது. கடுகு அவளுடைய சுண்டுவிரலின் நகத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். முழு விரலைப் பிடிக்கக் கை போதவில்லை.

மறுநாள் வேறு மெட்டு யோசித்தாள். வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் அந்தப் பொய்கூடத் தேவைப்படவில்லை. நோட்டில் 'முணுமுணுப்பு, இருபது நிமிடம்' என்று மட்டும் எழுதினாள். மெட்டு என்ன என்கிற கட்டத்தைக் காலியாக விட்டாள். சனி, ஞாயிறும் வந்தாள். அந்தத் திங்கட்கிழமை பின்வாசலில் "வந்துட்டேன்" என்ற வார்த்தை செருமல் இல்லாமல் முதல் தடவையிலேயே வர, காவலாளி நிமிர்ந்து பார்த்து, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டார்.

பெரிய சிஸ்டர் ஒருநாள் சொன்னார்: "டீச்சர், நீங்க வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே இது கண்ணைத் திறந்துடுது. கடிகாரம் முழுங்கிட்டுப் பொறந்திருக்கு போல."

சிரித்துவிட்டுப் போய்விட்டார் அவர். டீச்சரோ அன்று மாலை மூன்று மாடியும் ஏறியது தெரியாமல் ஏறினாள். தன்னை எதிர்பார்த்து ஒரு ஜீவன் கண்ணைத் திறக்கிறது என்பதை வீட்டுக்குள் போய், விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்து, வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருபத்தொரு நாள்.

இருபத்தாறாம் நாள் அம்மா வந்தாள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நெடுநெடுவென்ற உருவம்; நாற்காலி அவளுக்குப் போதவில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. பஸ்ஸில் நூறு பேரை அதட்டியவள் இங்கே வாசலிலேயே ஒடுங்கிவிட்டாள். பெரிய சிஸ்டர் வழக்கமான மந்திரத்தை ஓதினார்.

"கையைக் கழுவியாச்சா? மெதுவா பேசணும். மெதுவா தொடணும். இங்க எல்லாமே மெதுவா."

அம்மா எல்லாவற்றையும் மெதுவாகவே செய்தாள். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, விரல் நுனியால், பட்டும் படாமல் குழந்தையின் முதுகைத் தடவினாள். பூனை பால் குடிக்கிற குரலில், "தங்கம்... அம்மாடா... அம்மா வந்துட்டேன்டா..." என்றாள்.

குறைமாதக் குழந்தைக்கு அப்படித் தடவினால் எறும்பு ஊர்வது போல இருக்கும். கையை அழுத்தமாக வைத்து அசையாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லித்தர வேண்டியவள் டீச்சர். ஆனால் அந்த நிமிடம் அவள் மூன்றாம் பெட்டியின் பக்கம் நின்று, தலையைத் திருப்பிக்கொண்டு, தன்னுடையது எதையோ வேறொருவர் எடுத்துப் போவதைப் பார்க்க மாட்டாதவள் போல இருந்தாள்.

கடுகு விறைத்தாள். தொண்ணூற்றொன்று. எண்பத்தேழு. எண்பத்திரண்டு. மணி அடித்தது. அம்மா சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். பெரிய சிஸ்டர் இரண்டு எட்டு வைப்பதற்குள், டீச்சரின் வாயிலிருந்து அந்த ஆறு ஸ்வரமும் இறங்கிவிட்டன. பாடிய பிறகுதான் பாடியது அவளுக்கே தெரிந்தது.

எண்பத்து நான்கு. எண்பத்தொன்பது. தொண்ணூற்று நான்கு. மணி நின்றது. கடுகின் தலை ஓர் அங்குலம், குரல் வந்த பக்கம் திரும்பியது.

அம்மா எண்ணைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். காது விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"தள்ளிட்டுப் போங்க" என்றாள், நாற்காலியைத் தள்ளி வந்த ஆயாவிடம்.

"இப்பதானேம்மா வந்தீங்க?"

"சீட்டுல ஆள் உக்காந்தாச்சு. நான் எதுக்கு நிக்கணும்?"

மறுநாள் அம்மா வரவில்லை. வழக்கம்போலப் பம்பில் பிழிந்து அனுப்பும் பால் இரண்டு சின்ன பாட்டில் மட்டும் வந்தது. அதற்கு மறுநாள் பாட்டிலும் வரவில்லை. டாக்டர் கேட்டதற்கு ஆயா, "சுரக்கலையாம்" என்றாள். பிறகு பெரிய சிஸ்டரின் காதில் மட்டும், "பம்பைக் கையாலகூடத் தொடலை. செவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கு" என்றாள்.

பெரிய சிஸ்டர் டீச்சரைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கையில் நாலாம் பெட்டியின் மூன்று வாரத்து அச்சுத்தாள்கள்.

"எல்லா நாளும் ரெண்டு மணிக்கு ஒரே மாதிரி ஏறியிருக்கு. ஞாயித்துக்கிழமைகூட. ஒரே பாட்டா?"

டீச்சர் தலையசைத்தாள்.

"நீங்களா! நாங்க குழந்தைக்குச் செல்லப் பேர் வெச்சாலே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கற ஆளு நீங்க."

"சிஸ்டர், அது எனக்காகக் கண்ணைத் திறந்து..."

"ரெண்டு மணி அதுக்குப் பால் நேரம் டீச்சர்" என்றார் பெரிய சிஸ்டர், குரலைத் தாழ்த்தி. "முன்னாடி நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன். நீங்க வர்ற நேரமும் அதுவும் ஒண்ணா அமைஞ்சுபோச்சு."

அவர் குத்தவேண்டும் என்று சொல்லவில்லை. இருந்தும் டீச்சர் கொஞ்ச நேரம் பஞ்சுப் பொட்டலங்களை அடுக்குவது போலத் திரும்பி நின்றாள்.

"அந்தப் பொண்ணு நாளைக்கும் வரலைன்னா பால் வத்திடும். இந்த எடையில இதுக்குப் புட்டிப்பால் ஒத்துக்கலைன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். பூட்டினவங்கதான் திறக்கணும். போங்க."

எதிர்க் கட்டடத்தின் தாய்மார் வார்டுக்கு டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். கடைசிக் கட்டில். முதுகு மட்டும் தெரிந்தது. உள்ளே போவதா திரும்பிவிடுவதா என்று கதவு நிலையிலேயே நின்றாள்.

"யாரு படியில நிக்கறது? ஏறினா உள்ள வாங்க, இல்லைன்னா இறங்குங்க!"

திரும்பாமலே வந்தது குரல். அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சில் ஒருமுறை உருண்டு, கடைசி எழுத்தை இழுத்து இறக்கிவைக்கிற குரல். டீச்சர் சிலிர்த்துப்போனாள். இரண்டு நாள் முன்பு கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் கேட்ட பூனைக்குரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அம்மா புரண்டு பார்த்தாள். "ஓ, நீங்களா. என் பொண்ணோட அம்மா."

டீச்சர் உட்காரவில்லை. நோட்டின் முதல் பக்கத்தை விரித்து நீட்டினாள். அம்மா சிவப்பு மையை வாசித்தாள். உதடு அசைய வாசித்தாள்.

"இதை நான்தான் எழுதினேன். நானே மீறிட்டேன். இருபத்தொரு நாள் ஒரே மெட்டைப் பாடினேன். உங்க குழந்தை உங்களை வேண்டாம்னு சொல்லலைம்மா. தினம் கேட்ட சத்தத்துக்குத் திரும்பிச்சு, அவ்வளவுதான். தப்பு என்னோடது."

"ஏன் செஞ்சீங்க?"

டீச்சர் பல பதில்களைத் தயாரித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். குழந்தையின் எண்கள், எடை, ஆராய்ச்சி.

"வீட்ல யாரும் இல்ல" என்றாள்.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு ஒரு கிளி வளர்த்திருக்கலாமே."

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, "வளர்த்திருக்கலாம்தான்" என்றாள். அதற்குப் பிறகு அம்மாவால் அடுத்த அடி அடிக்க முடியவில்லை.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"கதவுல நின்னப்போ என்னை அதட்டினீங்களே, அந்தக் குரலைக் கேக்கத்தான் உங்க பொண்ணு காத்துக்கிட்டிருக்கா. கடைசி ரெண்டு மாசம் அவளுக்குக் காது கேட்டிருக்கும். தினம் எட்டு மணி நேரம் உங்க வயித்துக்குள்ள அவளும் டூட்டி பார்த்திருக்கா. அன்னிக்கு நீங்க பேசினது உங்க குரலே இல்ல. அவளுக்கு அது யாரோ."

"அதுக்கு? ஐசியூல போய் டிக்கெட் டிக்கெட்டுன்னு கத்தச் சொல்றீங்களா? அந்தப் புருவக்கார சிஸ்டர் என்னை நடு வழியில இறக்கி விட்டுடுவாங்க."

"கத்த வேண்டாம். அதே குரலை நெஞ்சோட நிறுத்திக்கணும். நான் கூட இருப்பேன், ஆனா வாயைத் திறக்க மாட்டேன். இனி அந்த அறையில என் குரல் கேக்காது."

அம்மா எழுந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு கட்டிலடியில் இருந்த பம்பைக் காலால் முன்னுக்குத் தள்ளினாள். "இதை எடுத்துக் குடுங்க. நீங்க வெளியில நில்லுங்க."

மறுநாள் கடுகைக் கண்ணாடிக் கதவு போட்ட பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். டீச்சர் பெரிய அறையில் மற்ற குழந்தைகளோடு வேலை செய்யும்போது கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தால் டீச்சருக்குக் கையில் ஒரு பேனாவும் மடியில் மரப்பெட்டியும் ஒரு தாள் கட்டும்தான். சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுவாள். சிஸ்டர்களுக்குக் கொண்டாட்டம். "டீச்சருக்கு மௌன விரதம், யாரும் வாழ்த்துச் சொல்லிடாதீங்க" என்றாள் ஒருத்தி. "விருந்து இருபத்தொரு நாள், பத்தியம் எத்தனை நாளோ" என்றார் பெரிய சிஸ்டர்.

முதல் தாளில் எழுதினாள்: தடவாதீர்கள். கையை முதுகில் வைத்து அப்படியே இருங்கள், கூட்டத்தில் கம்பியைப் பிடிப்பது போல.

அம்மா காய்த்த உள்ளங்கையைக் குழந்தையின் முதுகில் வைத்தாள். முதுகு முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது.

இரண்டாம் தாள்: உங்கள் ரூட்டைச் சொல்லுங்கள்.

அம்மா அந்த அறையிலும் இருந்த காது விளக்கை ஒரு கண் பார்த்துக்கொண்டு, மூச்சை இழுத்தாள். "பழைய ஸ்டாண்டு... தபாலாபீஸ்... ரெட்டைப் பாலம்..." விளக்கு மஞ்சளானது. டீச்சர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தாள். அம்மா தொனியை இறக்கினாள், குரலை விடவில்லை. "பொண்ணுங்க ஸ்கூலு... தண்ணி டேங்கு... மரக்கடை..." ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் கடைசியில் ஒரு இழுப்பு, ஒரு இறக்கம். டீச்சர் மரப்பெட்டியில் இரண்டு விரலால் அதற்குத் தாளம் வைத்துக்கொண்டே போனாள். எண் எண்பத்தொன்பதில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ஒண்ணும் ஆகலை" என்றாள் அம்மா.

மணி அடிக்கவில்லை, என்று எழுதிக் காட்டினாள் டீச்சர்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். அன்று நடுவில் கடுகு அழப்பார்த்தாள். டீச்சருக்குத் தொண்டைக்குழியில் அந்த ஆறு ஸ்வரமும் வந்து முட்டின. வாயைத் திறந்தால் ஒரு நொடியில் எண் ஏறிவிடும். அது தெரிந்தே பல்லைக் கடித்துக்கொண்டு மரப்பெட்டியைத் தட்டினாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து டீச்சர் என்பது அக்கா ஆகிவிட்டது. எப்போது மாறியது என்று இருவருமே கவனிக்கவில்லை.

நான்காம் நாள்தான் அது நடந்தது. "மரக்கடை..." என்று வந்து, "ரயில்வே கேட்..." என்று சொல்லிவிட்டு அம்மா நிறுத்திவிட்டாள். டீச்சர் தாளம் தட்டிக்கொண்டே அடுத்ததற்குக் காத்திருந்தாள். வரவில்லை. மறந்துவிட்டாளா என்று நிமிர்ந்தாள்.

"என்னிக்கும் அங்க கேட் போட்டிருப்பான்க்கா" என்றாள் அம்மா, மெல்லிய குரலில். "ரெண்டு ட்ரெயினாவது போகணும். அங்க நான் பேசவே மாட்டேன். தண்ணி குடிச்சிட்டு, வயித்து மேல கையை வெச்சுக்கிட்டு நிப்பேன். முன்ன மூணு நாளும் உங்களுக்காக அவசரமா சொல்லிட்டேன். இன்னிக்கு வாய் தானா நின்னுடுச்சு."

டீச்சர் பேனாவை எடுக்கவில்லை. பெட்டிக்குள் விரலைக் காட்டினாள். கடுகு கண்ணைத் திறந்திருந்தாள். நெற்றி சுருங்கியிருந்தது. பல வருடமாக அந்த கேட்டில் நிற்கிற பயணி மாதிரி, எப்போது கிளம்புவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாஸ்பத்திரி..." என்றாள் அம்மா.

நெற்றி விரிந்தது. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து. "மில்லு வாசல்... காலனி... டெப்போ." டெப்போ வருவதற்குள் தூங்கிப்போனாள். அம்மா கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். கண்ணீர் தாடையில் வழிந்து கழுத்துக்குப் போயிற்று, துடைக்க இன்னொரு கை இருந்தும் துடைக்கவில்லை. கதவுக்கு வெளியே பெரிய சிஸ்டர் வந்து நின்று பார்த்துவிட்டு, புருவத்தை எந்த நிறத்துக்கும் கொண்டுபோகாமல் திரும்பிப் போனார்.

அன்று நோட்டில் மெட்டு என்கிற கட்டத்தில் பதினொரு ஸ்டாப்பையும் வரிசையாக எழுதினாள் டீச்சர். காலியாக விட்டிருந்த இருபத்தொரு கட்டங்களுக்கும் திரும்பிப் போய், ஒவ்வொன்றிலும் 'என் மெட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்தியம் முப்பத்து மூன்று நாள் நீடித்தது. சனி, ஞாயிறு வருவதை நிறுத்திவிட்டாள். திங்கட்கிழமை வார்த்தை பழையபடி துருப்பிடித்து வந்தது. காவலாளி பழையபடி இரண்டாம் முறைக்குக் காத்திருந்தார். கடுகு இரண்டு கிலோவைத் தாண்டினாள். குழாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. டெப்போ வரை தூங்காமல் பயணம் செய்யப் பழகினாள். அம்மாவும் "கடுகு, ஓசியில போறியாடி?" என்று கொஞ்ச ஆரம்பித்தாள். கப்பலிலிருந்து அப்பா பேசும்போது தொலைபேசியைப் பெட்டியின் பக்கத்தில் பிடிப்பார்கள். அவர் பாவம், சமையல் குறிப்பையாவது சொல்லட்டுமா என்று கேட்பார்.

வீட்டுக்குப் போகிற நாள் காலை மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள். எண்கள் இல்லாத குழந்தை டீச்சருக்குப் புதிதாக இருந்தது. அம்மா அவளைத் துணியில் சுற்றித் தோளோடு அணைத்துக்கொண்டு சின்ன அறையின் வாசலில் நின்றாள். டீச்சர் கையசைத்தாள்.

"அக்கா, ஒரு தடவை பாடுங்க."

டீச்சர் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இல்லக்கா. எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போய் ராத்திரி பகல் இதையே நினைச்சுக்கிட்டிருக்க என்னால முடியாது. பாடுங்க. திரும்பினா திரும்பட்டும்."

பெரிய சிஸ்டர் மருந்துச் சீட்டை மடிப்பது போல அங்கேயே நின்றார். டீச்சருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் அந்த நிமிடம், திரும்பிவிடேன், ஒரே ஒரு தடவை, என்றுதான் அவள் மனசு கெஞ்சியது. பக்கத்தில் வந்து நின்று, முப்பத்து மூன்று நாளாகப் பூட்டி வைத்த ஆறு ஸ்வரத்தையும் மாடிப்படி இறங்குவது போல இறக்கினாள். குரல் முதல் படியில் சற்றுத் தடுக்கியது. பிறகு சரியாக வந்தது.

கடுகு கொட்டாவி விட்டாள்.

மறுபடி ஒரு முறை பாடினாள். குழந்தை துணிக்குள் காலை உதைத்து, கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தது.

அம்மா நெஞ்சில் குரலை உருட்டி, "ரயில்வே கேட்..." என்றாள். நிறுத்தினாள்.

கடுகின் கால் நின்றது. கண் விசிறியை விட்டது. நெற்றி சுருங்க, அம்மாவின் வாயையே பார்த்தாள். அம்மா வேண்டுமென்றே அடுத்த ஸ்டாப்பைச் சொல்லாமல் இழுத்தாள். குழந்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 'ங்ங்' என்று ஒரு அதட்டல் போட்டது.

"கண்ணாஸ்பத்திரிடி, கண்ணாஸ்பத்திரி! கண்டக்டரையே மிரட்டறா பாருங்க!" அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். காது விளக்கு சிவப்பாக எரிந்தது. பெரிய சிஸ்டர் மருந்துச் சீட்டை இன்னொரு மடிப்பு மடித்தார்.

டீச்சரும் சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். "நல்லதாப் போச்சு" என்றாள். "ரொம்ப நல்லதாப் போச்சும்மா."

அம்மா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். "பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லுடி. உன்னை மூணு வாரம் பார்த்துக்கிட்ட பெரியம்மா."

டீச்சர் அந்தக் கையைத் தொட்டாள். இப்போது கடுகின் கை அவள் சுண்டுவிரலை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பிடித்தது, எல்லாக் குழந்தையும் எல்லா விரலையும் பிடிப்பது போலப் பிடித்துவிட்டு, விட்டது.

அதற்கு அடுத்த ஞாயிறு மதியம் டீச்சர் பழைய ஸ்டாண்டுக்குப் போய் அந்த ரூட் பஸ்ஸில் ஏறினாள். அந்தப் பக்கம் அவளுக்கு யாரும் இல்லை, வேலையும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் ஒரு வயதான ஆள். ஸ்டாப் பெயர்களை விழுங்கி விழுங்கிச் சொன்னார். அவள் நினைத்திருந்தது போலத் தபாலாபீஸ் சிவப்புக் கட்டடம் இல்லை, மஞ்சள். ரெட்டைப் பாலத்தில் ஒன்று இடிந்து கிடந்தது. மரக்கடை வாசலில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒவ்வொரு பெயரும் வருவதற்கு ஒரு நொடி முன்பே அவள் உதடு அதைச் சொல்லிவிட்டது.

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கேட் போட்டிருந்தான். டிரைவர் இன்ஜினை அணைத்தார். பேச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின. மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. கண்டக்டர் தண்ணீர் குடித்துவிட்டு அவளிடம் வந்தார்.

"நீங்க எங்கம்மா இறங்கணும்?"

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் பேச வேண்டிய முதல் வார்த்தை அது. துருப்பிடித்துத்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் முறை சொன்னாள்.

"டெப்போ."

"டெப்போவுல ஒண்ணுமே இல்லையேம்மா. பஸ்ஸை நிறுத்திட்டு நாங்களே போயிடுவோம்."

"தெரியும்" என்றாள் டீச்சர்.

முதல் ரயில் போயிற்று. கேட் தூக்கவில்லை. இரண்டாவது இன்னும் வர வேண்டும்.